சைட்டுக்குப் போற புது இன்ஜினியரே, உங்க அக்கவுண்ட்ல வர்ற எல்லாப் பணமும் உங்க பணம் இல்ல

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆபீசை மூடப்போற நேரத்துல நண்பரோட தம்பி வந்து நின்னார். வயசு 23. சிவில் முடிச்சு ஒரு கான்ட்ராக்டர்கிட்ட 11 மாசம் சைட் இன்ஜினியரா இருந்துட்டு ரிசைன் பண்ணியிருக்கார். மாசச் சம்பளம் 18,000 ரூபாய். கையில ஒரு மஞ்சப் பை. அதை அப்படியே என் மேஜை மேல கவுத்தார். டீசல் பில், ஹார்டுவேர் கடைச் சீட்டு, மேஸ்திரி கையெழுத்துப் போட்ட சிகரெட் அட்டை, எழுத்தெல்லாம் பறந்துபோன வெள்ளைத் தாள்னு ஒரு குவியல்.

"அண்ணா, 1,86,000 ரூபாய்க்கு நான் கணக்கு சொல்லணுமாம். சொன்னாத்தான் ரிலீவிங் லெட்டர் தருவாங்களாம். ரெண்டு மாசச் சம்பளமும் நிக்குது."

விஷயம் இதுதான். சைட் செலவுக்குன்னு கம்பெனி அவரோட சொந்த சேவிங்ஸ் அக்கவுண்டுக்கே பணம் அனுப்பியிருக்கு. லேபர் வாரக்கூலி, டீசல், ஆணி, பைண்டிங் ஒயர், வாடகைக்கு எடுத்த வைப்ரேட்டர், டீ செலவு வரைக்கும் எல்லாம் அதுலதான். 11 மாசத்துல அப்படி வந்தது 14,20,000 ரூபாய். அவர் ஆபீசுக்கு அனுப்பி, அக்கவுண்ட்ஸ்ல ஏத்துக்கிட்ட வவுச்சர் 12,34,000 ரூபாய்க்கு. மிச்சம் 1,86,000 அவர் பேர்ல அட்வான்ஸா நிக்குது.

அவர் திருடலை. எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா சம்பளமும் அதே அக்கவுண்ட்லதான் வந்தது, வீட்டுக்கு அனுப்புறதும் அதுலருந்துதான், ஞாயித்துக்கிழமை பிரியாணியும் அதுலருந்துதான். மூணு நாள் சாயங்காலம் உட்கார்ந்து தேடினோம். போன்ல பணம் அனுப்பின ஹிஸ்டரி, வாட்ஸ்அப் குரூப்ல போட்ட போட்டோ எல்லாத்தையும் சேர்த்து 97,000 ரூபாய்க்கு ஆதாரம் கிடைச்சது. வண்டி டேங்க் கவர்ல சொருகியிருந்த டீசல் பில் 23,000. ஒரு வாரக்கூலி 25,000 வாங்கினதை மேஸ்திரி நேர்ல வந்து எழுதிக் கொடுத்தார், நல்ல மனுஷன். மொத்தம் 1,45,000. பாக்கி 41,000 ரூபாய் எங்க போச்சுன்னு அவருக்கே தெரியல. நிறுத்தி வெச்சிருந்த ரெண்டு மாசச் சம்பளம் 36,000-ஐ அதுல கழிச்சு, கையிலருந்து 5,000 கட்டி, ரிலீவிங் லெட்டர் வாங்கினார்.

"முதல் சம்பளத்தை என்ன பண்ணலாம்"னு நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். எஸ்.ஐ.பி, டேர்ம் இன்சூரன்ஸ், எமர்ஜென்சி ஃபண்ட் எல்லாம். ஐ.டி கம்பெனிக்குப் போறவருக்கு அது போதும். சைட்டுக்குப் போறவருக்கு அதுக்கு முன்னாடி ஒரு பாடம் இருக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்துலயே மத்தவங்க பணம் உங்க கை வழியா ஓடும், மத்தவங்க பணத்துக்கு உங்க கையெழுத்து சாட்சியா நிக்கும். காலேஜ்ல பீம் டிசைன் சொல்லிக் கொடுத்தாங்க, இதை யாரும் சொல்லித் தரல.

நான் இன்ஜினியர் இல்ல. ஆர்ட்டிகிள்ஷிப் காலத்துல பளபளன்னு கருப்பு ஷூ போட்டுக்கிட்டு சைட் குடோன்ல சிமெண்ட் மூட்டை எண்ணின ஆள். அங்க ஸ்டாக் குறைஞ்சா, பணம் குறைஞ்சா முதல்ல யாரைக் கூப்பிடுவாங்கன்னு பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். பெரும்பாலும் அது சைட்டுலயே வயசுல சின்னவர்தான்.

சைட் பணத்துக்குத் தனி அக்கவுண்ட்

முதல்ல கம்பெனிகிட்ட கேளுங்க: சப்ளையருக்கும் லேபர் கான்ட்ராக்டருக்கும் ஆபீஸ்லருந்தே நேரா பேங்க்ல போட முடியுமா, எனக்குச் சில்லறைச் செலவுக்கு மட்டும் அனுப்புவீங்களான்னு. பெரிய கம்பெனிகள்ல இது ஏற்கெனவே இருக்கும். சின்ன கான்ட்ராக்டர்கிட்ட "அதெல்லாம் பார்த்துக்கலாம் தம்பி"ன்னு ஒரு பதில் வரும். வந்தா வரட்டும், அடுத்த வேலை உங்களோடது.

ஒரு ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட் புதுசா திறங்க. சைட் பணம் அதுல மட்டும்தான் வரணும், அதுலருந்து மட்டும்தான் போகணும். சம்பளம் உங்க பழைய அக்கவுண்ட்லயே வரட்டும். சொந்தச் செலவுக்குக் கூகுள் பேன்னா, சைட்டுக்குப் போன்பேன்னு ஆப்பையே பிரிச்சு வெச்சுக்கோங்க. அவசரத்துல கை தவறி மாத்தி அனுப்புறது பாதி குறைஞ்சுடும்.

இதுல வருமானவரிச் சிக்கலும் இருக்கு. அந்தத் தம்பியோட வருஷச் சம்பளம் 2,16,000 ரூபாய்தான் வரும். அக்கவுண்ட்ல சம்பளம் இல்லாம வந்து விழுந்தது 14 லட்சத்துக்கு மேல. இது என் வருமானம் இல்ல, கம்பெனி செலவுக்குக் கொடுத்ததுன்னு காட்ட வேண்டிய பொறுப்பு அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவருக்குத்தான். முதலாளி கையில ரொக்கமா கொடுத்து, "உன் அக்கவுண்ட்ல போட்டு எல்லாருக்கும் அனுப்பிடு"ன்னு சொல்ற சைட்டும் இருக்கு. அது இன்னும் மோசம். ஒரு நிதியாண்டுல சேவிங்ஸ் அக்கவுண்ட்ல ரொக்க டெபாசிட் 10 லட்சத்தைத் தொட்டா பேங்க் அதை வருமானவரித் துறைக்குத் தெரிவிச்சே ஆகணும். கேள்வி உங்களுக்குத்தான் வரும், முதலாளிக்கு இல்ல.

கணக்கு எழுத ஆப் எல்லாம் வேண்டாம். ஒரு நீள நோட்டு போதும். தேதி, யாருக்கு, எதுக்கு, எவ்வளவு, மீதி. சனிக்கிழமை வாரக்கூலி கொடுத்து முடிச்சதும் சைட் அக்கவுண்ட்ல இருக்கிற பேலன்சையும் பாக்கெட்ல இருக்கிற ரொக்கத்தையும் கூட்டுங்க. நோட்டுல இருக்கிற மீதியோட ஒத்துப்போகணும். 200 ரூபாய் உதைச்சாலும் அன்னிக்கே தேடுங்க. போன சனிக்கிழமை செலவு ஞாபகம் இருக்கும், போன மாசச் சனிக்கிழமை இருக்காது. நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பிடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை, "31-ஆம் தேதி நிலவரப்படி என்கிட்ட சைட் பணம் 4,350 ரூபாய் மீதி இருக்கு, உங்க புத்தகத்துலயும் அதுதானே, உறுதிப்படுத்துங்க"ன்னு அக்கவுண்ட்சுக்கு ஒரு மெயில் போடுங்க. மெயில் முக்கியம். வாட்ஸ்அப் குரூப்லருந்து உங்களை எப்ப வேணா தூக்கிடலாம். கம்பெனி மெயில் ஐ.டி-யும் வேலையை விட்டதும் போயிடும், அதனால இந்த ஒரு மெயிலுக்கு மட்டும் உங்க சொந்த ஐ.டி-க்கு ஒரு காப்பி வெச்சுக்கலாமான்னு கேட்டுக்கோங்க. கம்பெனி விதி இடம் கொடுக்கலைன்னா பதிலைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க.

வவுச்சர்ல ஆள் பேர், என்ன வேலை, எத்தனை ஆள், எந்தத் தேதியிலருந்து எந்தத் தேதி வரைக்கும், போன் நம்பர், கையெழுத்து இல்லாட்டி கைநாட்டு இருக்கணும். ரொக்கம் 5,000 ரூபாயைத் தாண்டினா ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து வாங்குங்க. பங்க்ல தர்ற தெர்மல் பில் ரெண்டு மாசத்துல வெள்ளைக் காகிதம் ஆயிடும், வாங்கின இடத்துலயே போட்டோ.

கடையில வாங்குறப்போ "எஸ்டிமேட்"னு தலைப்புப் போட்ட சீட்டை வாங்கிட்டு வராதீங்க. அது பில் இல்ல. கம்பெனி பேரும் ஜி.எஸ்.டி நம்பரும் போட்ட டாக்ஸ் இன்வாய்ஸ் கேளுங்க. 11,800 ரூபாய்க்கு ஒரு சாமான் வாங்குறீங்க, அதுல 18 சதவீத ஜி.எஸ்.டி 1,800 ரூபாய்னு வெச்சுக்கோங்க. கான்ட்ராக்ட் கம்பெனி அந்த 1,800-ஐத் தன் வரியில கழிச்சுக்கலாம். சரியான பில் இல்லைன்னா கழிக்க முடியாது. சிமெண்ட்டுக்கு 28 சதவீதமா இருந்தது 2025 செப்டம்பர் 22-லருந்து 18 ஆயிடுச்சு, பழைய பில் ஃபார்மட் வெச்சிருக்கிற கடைக்காரர் எந்த ரேட் போட்டிருக்கார்னும் ஒரு பார்வை பாருங்க.

இன்னொண்ணு, ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா கம்பெனி அதைச் செலவா காட்ட முடியாது. லாரி வாடகைக்கு மட்டும் இந்த வரம்பு 35,000. இதைத் தாண்டி வவுச்சர் போச்சுன்னா ஆபீஸ்ல உங்களைக் கூப்பிட்டு, "தம்பி, ரெண்டு தேதி போட்டு ரெண்டா எழுதிக் கொடு"ம்பாங்க. எழுதாதீங்க. நடக்காத தேதியில நடக்காத பேமென்ட்டுக்கு உங்க கையெழுத்து எதுக்கு? பெரிய தொகை வரப்போகுதுன்னு முந்தின நாளே சொல்லி ஆபீஸ்லருந்தே பேங்க்ல போடச் சொல்லுங்க.

அப்புறம் இந்த "இன்னிக்கு நீங்க போட்டுடுங்க சார், நாளைக்கு ஆபீஸ்ல அனுப்பிடுவாங்க". கான்கிரீட் ஓடிக்கிட்டிருக்கு, ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல, அந்த நேரத்துல யாரும் நோ சொல்ல மாட்டாங்க. சரி, போடுங்க. ஆனா மனசுல ஒரு எல்லை வெச்சுக்கோங்க. என்னைக் கேட்டா 2,000 ரூபாய். போட்டதும் "என் சொந்தப் பணம் 2,000 டீசலுக்குப் போட்டிருக்கேன்"னு மெசேஜ். அது திரும்பி வர்ற வரைக்கும் அடுத்தது கிடையாது. கிரெடிட் கார்டைச் சைட்டுக்குத் தேய்க்கவே தேய்க்காதீங்க. கம்பெனிக்கு பில் பாஸாக ரெண்டு மாசம் ஆகலாம், கார்டுக்காரன் அதுவரைக்கும் காத்திருக்க மாட்டான்.

உங்க கையெழுத்து எவ்வளவு பெறும்?

சைட்ல சேர்ந்த மூணாம் நாளே எம்-சாண்ட் லோடு வரும். டிரைவர் டெலிவரி சலானை நீட்டுவார், "3 யூனிட், கையெழுத்துப் போடுங்க சார், அடுத்த டிரிப் போகணும்". ஒரு யூனிட் 100 கன அடின்னு உங்களுக்குத் தெரியும். லாரி பாடி நீளம் 14 அடி, அகலம் 7 அடி. மணல் மட்டம் 3 அடி இருந்தாலே 294 கன அடிதான், 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நீங்க மேல ஏறி நாலு மூலையிலும் நடுவுலயும் டேப் விட்டுப் பார்க்கிறீங்க, சராசரி ரெண்டே முக்கால் அடி. 14 × 7 × 2.75, ஆக 269.5 கன அடி. சலானைவிட 30.5 கன அடி கம்மி. யூனிட் 5,000 ரூபாய்னு வெச்சா ஒரு லோடுக்கு 1,525 ரூபாய். ஒரு நாளைக்கு 4 லோடு, 20 நாள்னா 80 லோடு, 1,22,000 ரூபாய். கீழ நின்னுக்கிட்டே போட்ட கையெழுத்தோட விலை இது. (ஈர மணல் உப்பிக் காட்டுற கணக்கு வேற இருக்கு. அது உங்க பாடம், நான் அதுல தலையிடல.)

அதுக்காக டிரைவர்கூடச் சண்டை போட வேண்டாம். அவர் வெறும் வண்டி ஓட்டுறவர். சலான்ல கையெழுத்துக்குப் பக்கத்துல "அளந்தது 269.5 கன அடி"ன்னு எழுதிட்டுப் போடுங்க. போட்டோ எடுங்க. அவ்வளவுதான். பில் போடுறப்போ ஆபீசும் சப்ளையரும் பேசிக்குவாங்க.

கம்பிக்கும் இதே கதை. விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து வர்க்கப்படுத்தி 162-ஆல வகுத்தா மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும், இதை நீங்க எனக்குச் சொல்லித் தரலாம். 12 எம்.எம் கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ. 12 மீட்டர் நீளம்னா ஒரு கம்பி 10.67 கிலோ, நூறு கம்பி 1,067 கிலோ. ஐ.எஸ் 1786 இந்த அளவுக் கம்பிக்கு 5 சதவீதம் வரைக்கும் கூடக் குறைய இருக்கலாம்னு சொல்லுது. எடைமேடைச் சீட்டுல இருக்கிற கிலோவை மட்டும் பார்க்காதீங்க, கம்பிகளை எண்ணிக் கணக்குப் போட்டு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. இடைவெளி அந்த 5 சதவீதத்தைத் தாண்டினா கையெழுத்துக்கு முன்னாடி சீனியருக்குப் போன்.

இதெல்லாத்தையும்விட வழுக்கலான இடம் ஆள் கணக்கு. காலையில மேஸ்திரி "12 பேர் சார்"ம்பார். நீங்க டீ குடிச்சுக்கிட்டே 12-ன்னு போடுவீங்க. வந்தது 10 பேர். ஒரு ஆளுக்கு 900 ரூபாய்னா, மாசம் 26 நாளைக்கு அந்த ரெண்டு இல்லாத ஆளுக்குப் போறது 46,800 ரூபாய். காலையில ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை, வேலை நடக்கிற இடத்துக்கே போய் எண்ணுங்க. மேஸ்திரி கோவிச்சுக்குவாரோன்னு பயப்படாதீங்க. இருபது வருஷ அனுபவம் உள்ள மனுஷனுக்கு மரியாதை கொடுங்க, "அண்ணே"ன்னு கூப்பிடுங்க, வேலையை அவர்கிட்ட கத்துக்கோங்க. தலையை மட்டும் நீங்களே எண்ணுங்க. இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாது. உண்மையில, எண்ணுற இன்ஜினியரைத்தான் நல்ல மேஸ்திரிங்களுக்குப் பிடிக்கும். அவங்க ஆளுக்குக் கூலி குறையாம வரும்.

ஒரு நாள் சப்ளையர் உங்க போனுக்கு 500 ரூபாய் அனுப்பி, "டீ செலவுக்கு வெச்சுக்கோங்க சார்"ம்பார். திருப்பி அனுப்பிடுங்க, அன்னிக்கே. நல்லவர் கெட்டவர்ங்கிற பேச்சை விடுங்க, நான் ஆடிட்டரா ஒரு விஷயம் மட்டும் சொல்றேன்: அந்த 500 உங்க ஸ்டேட்மென்ட்ல அழியாம இருக்கும். நாளைக்கு 80 லோடுல ஒரு லோடு குறைஞ்சாலும், அந்த 500-ஐக் காட்டி மீதி 79-க்கும் உங்களைத்தான் கேப்பாங்க.

வெத்து வவுச்சர், வெத்து எம்-புக் பக்கம் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. சீனியர் சொன்னா? இது கஷ்டமான கேள்வி, வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம் ஆன ஆள் ப்ராஜெக்ட் மேனேஜரை எதிர்த்துப் பேசுறது நடக்காத காரியம். எதிர்த்துப் பேச வேண்டாம். "சார், நான் அளந்தது இவ்வளவு, நீங்க சொன்னது இவ்வளவு, எதைப் போடட்டும்?"னு எழுத்துல கேளுங்க. பாதி பேர் அந்தக் கேள்வியைப் பார்த்ததுமே "உன் அளவையே போடு"ன்னுடுவாங்க. மீதிப் பேர் "நேர்ல பேசலாம்"பாங்க. நேர்ல பேசியும் பொய்க் கணக்குதான் வேணும்னா, கையெழுத்தை அவரே போட்டுக்கட்டும், நீங்க வேற வேலை தேட ஆரம்பிங்க. வேலை பார்க்கிற இடத்துக் கணக்கைத் தெரிஞ்சே திரிக்கிறது நம்ம கிரிமினல் சட்டத்துல ஏழு வருஷம் வரைக்கும் சிறை போகக்கூடிய குற்றம். 18,000 ரூபாய் சம்பளத்துக்கு அது கட்டுப்படியாகாது.

ஆஃபர் லெட்டர்ல "கன்சல்டன்ட்"னு போட்டிருந்தா

சில கம்பெனிகள் புதுசா வர்றவரைச் சம்பள ஆளாச் சேர்க்காம "ப்ரொஃபஷனல் ஃபீஸ்"ல வெச்சுக்கும். 10 சதவீதம் டி.டி.எஸ் பிடிச்சுட்டு மீதியைப் போடும். ரெண்டு ஆஃபர் இருக்குன்னு வெச்சுக்குவோம், ரெண்டும் மாசம் 25,000.

முதலாவது சம்பளம். சி.டி.சி 25,000, பேசிக் 12,500. கம்பெனி பங்கு பி.எஃப் 1,500 போனா 23,500. உங்க பங்கு 1,500 போனா கைக்கு 22,000. ரெண்டாவது கன்சல்டன்ட் ஃபீஸ். 2,500 டி.டி.எஸ் போக கைக்கு 22,500. வருஷத்துக்கு 3 லட்சம் வருமானம்தான், புது வரிமுறையில 4 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது. ரிட்டர்ன் போட்டா பிடிச்ச 30,000-மும் திரும்ப வந்துடும்.

நேர்மையா சொல்லணும்னா பணக் கணக்குல ரெண்டும் ஒண்ணுதான். முதல்ல 22,000 கையில, 3,000 பி.எஃப் பக்கம், அதுலயும் ஆயிரத்துச் சொச்சம் பென்ஷன் கணக்குக்குப் போயிடும். ரெண்டாவதுல 22,500 இப்போ, 2,500 அப்புறம். வித்தியாசம் பணத்துல இல்ல, ஏதாவது ஆனா என்னங்கிறதுல இருக்கு. பி.எஃப் உறுப்பினர் வேலையில இருக்கிறப்போ இறந்துட்டா இ.டி.எல்.ஐ திட்டத்துல குடும்பத்துக்கு 7 லட்சம் வரைக்கும் கிடைக்கும். கன்சல்டன்ட்டுக்கு அது இல்ல. லீவு, கிராஜுவிட்டி, நோட்டீஸ் சம்பளம் எதுவும் இல்ல. நாளைக்கு லோன் கேக்கப் போனா சம்பளச் சீட்டு இல்ல. மாடியில நின்னு வேலை பார்க்கிற ஆளுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். வேற வழியில்லாம ரெண்டாவதுல சேர்ந்தீங்கன்னா, வருஷம் முடிஞ்சதும் ரிட்டர்ன் போட மறக்காதீங்க. 30,000 ரூபாயை அப்படியே விட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

2025 நவம்பர் 21-லருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தாச்சு. அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கொடுக்கிறது கட்டாயம். "ப்ராஜெக்ட் முடியுற வரைக்கும்"னு தேதி போட்ட குறித்த கால ஒப்பந்தம்னா கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருஷம் போதும். நம்ம தொழில்ல பாதி வேலை இப்படித்தான் இருக்கு, அதனால அந்த வரியை உங்க லெட்டர்ல தேடிப் படிங்க. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் கேட்டா காட்டிட்டு, ஜெராக்ஸ் மட்டும் கொடுங்க.

பி.எஃப் பிடிக்கிறாங்கன்னு சம்பளச் சீட்டுல இருந்தா மட்டும் பத்தாது. அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கம்பெனி கட்டணும். உமாங் ஆப்ல பாஸ்புக்கைத் திறந்து மாசம் ஒரு தடவை பாருங்க. பிடிச்சுட்டுக் கட்டாத கான்ட்ராக்டர்கள் உண்டு. ரெண்டு மாசத்துல கண்டுபிடிச்சா கேக்கலாம், ரெண்டு வருஷம் கழிச்சுன்னா கம்பெனியையே தேடணும்.

சம்பளம் லேட்டாகும், தெரிஞ்சே போங்க

கான்ட்ராக்டருக்கு ஆர்.ஏ பில் பாஸானாத்தான் பணம். பில் நின்னா முதல்ல நிக்கிறது சப்ளையர் பணம், அடுத்தது உங்க சம்பளம். லேபருக்கு மட்டும் நிக்காது, நின்னா மறுநாள் வேலை நடக்காது. ஒண்ணாம் தேதி சம்பளம் 20-ஆம் தேதி வர்றது இந்தத் தொழில்ல அதிசயம் இல்ல. ப்ராஜெக்ட் முடிஞ்சு அடுத்த சைட் போடுற வரைக்கும் ரெண்டு மாசம் வீட்டுல உட்கார வைக்கிறதும் உண்டு.

அதனால மத்தவங்களுக்கு மூணு மாசச் செலவுன்னு நான் சொல்ற எமர்ஜென்சி ஃபண்ட், உங்களுக்கு ஆறு மாசம். நல்ல செய்தி என்னன்னா, சைட்ல இருக்கிற ஆளுக்கு அதைச் சேர்க்கிறது சுலபம். ரூம் கம்பெனியோடது, மெஸ் சாப்பாடு, பக்கத்துல மாலும் இல்ல தியேட்டரும் இல்ல. 22,000-ல 10,000 மிச்சம் பிடிக்கிற பசங்களைத் தெரியும். அதை முதல்ல ஆர்.டி-லயோ ஸ்வீப் டெபாசிட்லயோ போடுங்க. எஸ்.ஐ.பி அதுக்கு அப்புறம். என் சேனல்லயே நான் எஸ்.ஐ.பி-யைத் தள்ளிப்போடச் சொல்றது அபூர்வம், ஆனா 5-ஆம் தேதி ஆட்டோ டெபிட், 20-ஆம் தேதி சம்பளம்னா பவுன்ஸ் சார்ஜ்தான் வளரும். பைக் லோனும் அப்படித்தான். முதல் ஆறு மாசம் கம்பெனி எந்தத் தேதியில சம்பளம் போடுதுன்னு பாருங்க, அதுக்கப்புறம் இ.எம்.ஐ தேதியை முடிவு பண்ணுங்க.

விழுந்தா?

சுருக்கமா சொல்றேன். கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கான்னு சேர்றதுக்கு முன்னாடி கேளுங்க. மொத்தச் சம்பளம் 21,000 வரைக்கும்னா இ.எஸ்.ஐ வருமான்னு கேளுங்க. பேங்க்ல வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்துல 2 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கு, இன்னிக்கே போடுங்க. அது போக தனியா ஒரு பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுங்க. உயிரிழப்புக்கு மட்டும் இல்ல, கை கால் போனாலும், மாசக்கணக்குல படுத்தாலும் பணம் தர்ற மாதிரி எடுங்க. அதுல தொழில்னு கேக்குற இடத்துல "இன்ஜினியர்"னு மட்டும் போட்டா ஆபீஸ்ல உட்காருறவர்னு எடுத்துக்கலாம். "கட்டுமான சைட்ல மேற்பார்வை"ன்னு எழுதுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடும். கிளெய்ம் அப்போ தகராறு வராது.

உங்க கண் முன்னாடி ஒரு தொழிலாளி விழுந்தா, பணத்தைப் பத்தி யோசிக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. மேல சொன்ன 2,000 ரூபாய் எல்லை அன்னிக்குக் கிடையாது. ராத்திரி உட்கார்ந்து நடந்ததை நேரத்தோட எழுதி ஆபீசுக்கு மெயில் போடுங்க. அந்த ஆளோட குடும்பத்துக்கு இழப்பீடு வாங்க அந்த மெயில்தான் பின்னாடி உதவும்.

வேலையை விடுறப்போ

கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னாடியே சைட் பணம் வாங்குறதை நிறுத்துங்க. கையில இருக்கிற மீதியைக் கம்பெனி அக்கவுண்டுக்குத் திருப்பி அனுப்பிட்டு, "என் பேர்ல அட்வான்ஸ் பாக்கி எதுவும் இல்ல"ன்னு அக்கவுண்ட்ஸ்ல எழுத்துல வாங்குங்க. வவுச்சர் ஒரிஜினலைக் கொடுக்கிறப்போ பட்டியல் போட்டு, பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து வாங்குங்க. குடோன் உங்க பொறுப்புல இருந்தா ஸ்டாக்கை அடுத்தவரோட சேர்ந்து எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. டோட்டல் ஸ்டேஷன், லேப்டாப், சிம் எதுவா இருந்தாலும் சீரியல் நம்பரோட. இப்போ இருக்கிற சட்டப்படி ராஜினாமா பண்ணின ரெண்டு வேலை நாள்ல சம்பளப் பாக்கியைக் கொடுக்கணும். கணக்கு சுத்தமா இருந்தா அந்தச் சட்டத்தைத் தைரியமா காட்டிக் கேக்கலாம். அந்தத் தம்பி மஞ்சப் பையை வெச்சுக்கிட்டு எப்படிக் கேப்பார்?

பி.எஃப் தளத்துல வேலையை விட்ட தேதி ஏறியிருக்கான்னு பாருங்க. கம்பெனி ஏத்தலைன்னா கடைசிப் பங்களிப்புக்கு ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே ஏத்தலாம். பணத்தை எடுக்காதீங்க, அதே யு.ஏ.என்-ல புதுக் கம்பெனிக்கு மாத்துங்க.

அந்தத் தம்பி இப்போ வேற ஒரு கம்பெனில, பாலம் கட்டுற சைட்ல இருக்கார். சேர்ந்த வாரமே தனி அக்கவுண்ட் திறந்துட்டார். முதல் ரெண்டு மாசம் சனிக்கிழமை ராத்திரி நோட்டுப் பக்கத்தை எனக்கும் அனுப்பிட்டிருந்தார், சரியா எழுதுறாரான்னு பார்க்கச் சொல்லி. ஒரு தடவை 60 ரூபாய் உதைச்சது. நாலு டீ, ரெண்டு வடை எழுத விட்டுப்போச்சு.

உங்க ஆஃபர் லெட்டர்ல புரியாத வரி ஏதாவது இருந்தா கீழ கமெண்ட்ல போடுங்க. உங்க பேரையும் கம்பெனி பேரையும் மறைச்சுட்டுப் போடுங்க.